அக்காவின் புருவம்

அக்கா சிரித்தாள், புருவம் எழவில்லை.

அவள் சிரிப்பதற்கு முன்னால் இடது புருவம் தனியாக மேலே போய், சிரிப்பு வரப்போகிறது என்று ஊருக்கே அறிவித்துவிட்டுத்தான் இறங்கும். இத்தனை வருஷத்தில் அது லீவு போட்டதே இல்லை. மழை பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்த அக்காவின் நெற்றி மட்டும் இஸ்திரி போட்டதுபோல் அசையாமல் கிடந்தது.

பொம்மலாட்டம் நடத்தும் தங்கை பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே, மேஜை விளக்கின் அடியில், அக்காவின் முகத்தோடு ஒரு பொம்மை இருந்தது. நாளைக்கு அது ஓயாமல் உளறும் அசடாக மேடையேறும். சனங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அம்மா போன பிறகு தன்னை வளர்த்து ஆளாக்கியவளிடம் தங்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம்தான் பொம்மையின் இடது புருவத்துக்கு நூல் கோத்திருந்தாள்.

"அப்படி என்னடி பாக்குற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பசையின் புளித்த வாடை, சீவிய மரத்தின் வாடை, கூரையில் விடாமல் கொட்டும் மழை, அதற்கும் அடியில் கூடத்தில் அக்கா துணியை உதறும் சத்தம். வீண் பயம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பொம்மையின் இமைகளுக்கு ரப்பரை மாட்டி, அதன் பிடரியில் தொங்கிய வளையத்தில் விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தாள். இமைகள் பதவிசாக மூடித் திறந்தன.

கூடத்தை எட்டிப் பார்த்தாள். அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"எரியுதுடி. மூடவே மாட்டேங்குது."

அப்போதே நிறுத்தியிருக்கலாம். கை தானாக வேலை செய்தது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம், அது பொய். வாய் ஒன்றுதான் பாக்கி. அந்தக் கோணல் சிரிப்பு இல்லாவிட்டால் கூட்டம் சிரிக்காது. அவளுக்கு அது வேண்டியிருந்தது. வெட்கத்தில் காதுமடல் சுட, தாடைக்குக் கீல் வைத்துத் திருகாணியை முடுக்கினாள்.

துணி உதறும் சத்தம் நின்றது.

ஓடினாள். அக்கா நாற்காலியில் இருந்தாள். வாய் தொங்கியிருந்தது. கண்கள் திறந்தபடியே இருந்தன. கருவிழிகள் மட்டும் மெல்ல நகர்ந்து தங்கையைத் தேடி வந்தன.

திரும்பி ஓடினாள். நூலை அறுத்தாள். ரப்பரைப் பிய்த்தாள். கீலைப் பெயர்த்தாள். அக்காவுக்கு எதுவும் திரும்பவில்லை.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. அக்காவின் மகள், வேலை முடிந்து வருகிறாள்.

சொல்லிவிட வேண்டும். சொன்னால் பொம்மையைக் காட்ட வேண்டும். யாருடைய முகம் என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா? அதற்குச் செத்துப்போகலாம்.

சீப்பை எடுத்தாள். தலை வாரிவிடுகிறவள்போல நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கூந்தலுக்கு அடியில் விரலை விட்டாள். பிடரி. சில்லென்று ஏதோ பட்டது. இரும்பு.

வளையங்கள்.

"என்னம்மா, ஒரே சிரிப்பா இருக்கு?" மகள் குடையை மடக்கியபடி கேட்டாள்.

சித்தி இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சிரிப்பு அகன்றது. மூடாத கண்களிலிருந்து தண்ணீர் இறங்கி, திறந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.