தரையில் தேடும் கை

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியின் ஷட்டரை சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் தூக்கினான். மறுநாள் அனுப்பவேண்டிய குழந்தைச் சட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் சுவிட்சைப் போட்டான். கரண்ட் இல்லை. எண்ணெய் வாடையும் பஞ்சுத் தூசியும்தான் இருந்தன.

ஜன்னலோர ஓவர்லாக் மிஷினில் இப்போது யாரும் உட்காருவதில்லை. அங்கே மஞ்சள் வாடை அடிக்கிறதாம், யாரோ தரையைத் தடவுகிறார்களாம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கண்ணுல பார்த்தாச் சொல்லுங்க, நம்பறேன்" என்று தையல் பெண்களைக் கேலி செய்தவன் அவன். கேலி செய்யாமல் என்ன செய்வான்? நம்பினால் அவனல்லவா பதில் சொல்லவேண்டும்!

அது விஜயராணியின் மிஷின். தூத்துக்குடிப் பக்கமிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி தருவார்கள். குழந்தைச் சட்டையில் சிக்கிவிடக் கூடாதே! அன்று அவள் ஊசி உடைந்தபோது முனை மட்டும் கிடைக்கவில்லை.

"விரல்ல குத்திட்டு சார், வலிக்கி" என்றாள்.

"மொதல்ல துண்டைத் தேடிக் குடுங்க, அப்பறம் பார்க்கலாமுங்க" என்றான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஷிப்ட் முடியும்வரை மண்டிபோட்டுத் தரையைத் தடவினாள். முனை அவள் விரலுக்குள் இருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே வேலைக்கு வந்தவள், சீழ் பிடித்து விஷம் ஏறிப் போய்ச்சேர்ந்தாள்.

"எங்கிட்ட அவங்க ஒண்ணுமே சொல்லலீங்க" என்று அவள் புருஷன் அந்தோணிராஜிடம் சாதித்தான் மகுடேஸ்வரன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். "கம்பெனியில ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதாட்டி!" என்று செத்தவளையே திட்டி அழுதான் அந்த மனுஷன்.

இப்போது அந்த மிஷின் பக்கமிருந்து மஞ்சள் வாடை அடித்தது.

சர்ரக்... சர்ரக்...

மேசைக்கு அடியில் யாரோ உள்ளங்கையால் தரையைத் தேய்த்தார்கள். எலி என்று குனிந்தான். யாருமில்லை. ஆனால் தரைத் தூசியில் ஒரு கையகலம் துடைபட்டுக்கொண்டே நகர்ந்தது.

"தேடாதீங்க விஜயராணி" என்று முணுமுணுத்தான். "அது உங்க விரல்லதான் இருந்துச்சுங்க."

சத்தம் நின்றது.

அவன் காதோரம் ஒரு குரல்.

"அப்பமே சொன்னம்லா சார்."

கண்ணால் பார்க்காமலே நம்பினான். உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் எழுந்து போய்விடுவாள் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தோணிராஜுக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க சார்." பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

நாக்கு நுனிவரை வந்தது. வேலை போகும், போலீஸ் வரும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் கூப்பிட்டேன்."

போனை வைத்தான்.

சர்ரக்.

ஈரமான ஓர் உள்ளங்கை அவன் பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த காலுக்கு நகர்ந்தது.