வாடகைப் பிள்ளையின் கேள்வி

செங்குடியில் படம் பார்க்கப் போகிறவர்கள் வாசலில் ஒரு குழந்தையை வாடகைக்கு எடுத்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். உடையில் ஒட்டிய செம்புழுதியைத் தட்ட வேண்டும், மணிக்கட்டில் பதித்த அடையாளச் சில்லைக் காட்ட வேண்டும், பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் எதையும் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

செவ்வாயின் தரைக்கடியில் ஒன்பது தளங்களாகத் தோண்டப்பட்ட ஊர் செங்குடி. அங்கே காற்றுக்கு அளவு, தண்ணீருக்கு அளவு, பிள்ளை பெற்றுக்கொள்வதற்கும் அளவு. வரைகலைப் படங்கள் சிறுவர்களுக்கானவை என்று ஊரை நிறுவியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவற்றைக் காட்டும் திரைக்குகைகளுக்குச் சிறுவர் நலப் பங்கிலிருந்து காற்று வரும். அதனால் குழந்தை இல்லாமல் உள்ளே போகிற பெரியவர் குழந்தைகளின் காற்றைத் திருடுகிறவர் என்றது சட்டம். கேட்பதற்கு நல்ல சட்டம்தான். ஆனால் ஊரில் குழந்தைகள் குறைவு, புழுதிமாறன் என்ற வரைகலை வீரனின் படத்தைப் பார்க்கத் துடிக்கிற பெரியவர்கள் ஏராளம். திரைக்குகை நிறுவனம் கொஞ்ச நாள் யோசித்துவிட்டுத் துணைப்பிள்ளை என்ற எந்திரத்தைக் கொண்டுவந்தது. ஆறு வயதுக் குழந்தையின் உயரம், இளஞ்சூடான கை, பால்பல் விழுந்த இடத்தில் ஓர் ஓட்டை. மூச்சு மட்டும் விடாது. குழந்தை என்றால் மூச்சு விட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பெரியவர்களுக்கும் இது சௌகரியமாகப் போயிற்று. தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால், "பிள்ளை ஒரே அடம், அதான் கூட்டிட்டு வந்தேன்" என்று அலுத்துக்கொள்ளலாம். அவரும் அதையேதான் சொல்லுவார். இரண்டு பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது இருவர் கண்ணிலும் படாது.

தையல்நாயகிக்கு இந்தப் பாசாங்கு அறவே பிடிக்காது. தண்ணீர்த் துறையில் பங்கீட்டுப் பிரிவின் தலைவி அவள். ஐம்பதைத் தாண்டியவள், தனியாள். ஒவ்வொரு முறையும் வாடகை மேடையில் நின்று சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

"இந்த வயசுல ஒரு படம் பாக்கறதுக்கு எனக்கு ஒரு பொம்மையோட கை வேணுமா? சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியும் இந்தப் படத்துல? இது எங்களுக்கு எடுத்த படம்."

"சரிதான் மேடம்," என்றார் மேடைக்காரர். அவருக்கு இது பழகிப்போன பாட்டு. "இன்னிக்கு சமர்த்து ரகம் எல்லாம் போயிடுச்சு. துறுதுறு ஒண்ணுதான் பாக்கி."

"அது என்ன செய்யும்?"

"கேள்வி கேக்கும். அவ்வளவுதான்."

அன்று தையல்நாயகிக்கு எதுவானாலும் சரி என்றிருந்தது. காலையிலிருந்து மனம் சரியில்லை. காளான் பண்ணையில் வேலை செய்கிற செங்கமலம் என்ற பெண் ஒன்பதாம் தளத்திலிருந்து ஏறி வந்து, வழக்கம்போல் காலிக் குடுவையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். கீழே தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. "சின்னவனுக்கு உடம்பெல்லாம் சொறிம்மா. குளிப்பாட்டி எத்தனை நாளாச்சுன்னே தெரியல," என்றாள். "ஆவியிழப்பும்மா. மேலிடத்துக்குச் சொல்லியிருக்கோம்," என்று தையல்நாயகியும் வழக்கம்போலவே சொன்னாள்.

ஆவியிழப்பு ஒன்றும் கிடையாது. முதல் தளத்துப் பூங்காவில் மாலைதோறும் செயற்கை மழை பெய்கிறது. பூமியின் மழையைக் கதைகளில் மட்டுமே கேட்டிருந்த பெரிய மனிதர்கள் அதில் குடை பிடித்துக்கொண்டு உலவுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தையல்நாயகிக்குத் தெரியும். வாரந்தோறும் வியாழக்கிழமை அவள் பெருவிரல் ரேகையை வைத்தால்தான் ஒன்பதாம் தளத்து வால்வு பாதி மூடும். வைக்காவிட்டால் மூடாது. அந்தப் பொறியை அமைத்தவர்கள், மனசாட்சியுள்ள ஒரு மனிதர் நடுவில் இருக்கட்டும் என்றுதான் அப்படி அமைத்தார்களாம்.

துணைப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. "என் பேரு கிளியம்மை, இப்போதைக்கு. போன அத்தை வச்ச பேரு. நீங்க மாத்திக்கலாம்."

"அதுவே இருக்கட்டும். பேசாம வா."

உள்ளே கூட்டம் நெருக்கியடித்தது. வழுக்கைத் தலைகளும் நரைத்த கொண்டைகளும், அவற்றுக்கு நடுவே ஒரே முகமுள்ள பிள்ளைகளும். பாசி முறுக்கைக் கொறிக்கும் சத்தம் நாலாபக்கமும் கேட்டது.

புழுதிமாறன் ஏழாம் பாகத்தை அவள் முன்பே இரண்டு முறை பார்த்திருந்தாள். கதை எளிதானது. பனிக்கோமான் என்றொரு கொடியவன் கோளின் பனி முழுவதையும் பாதாளக் கிடங்கில் அடைத்துப் பூட்டிவிடுகிறான். ஜனங்கள் நாக்கு வறண்டு சாகிறார்கள். கடைசியில் புயலில் பறக்கும் புழுதியெல்லாம் திரண்டு ஓர் ஆளாக எழுந்து நிற்கிறது. ஒரே குத்து, கிடங்கின் கதவு பிளக்கிறது, தண்ணீர் ஊருக்குள் ஓடுகிறது.

சிறுவர்கள் இதில் பறப்பதையும் குத்துவதையும்தான் பார்ப்பார்கள், பெரியவர்கள் பார்ப்பது வேறு என்பது தையல்நாயகியின் கட்சி. நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிக்கத் தோன்றாத இடத்தில் சிரித்து, சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் ஒருவன் எழுந்து நின்று "போதும், நிறுத்து" என்று சொல்வதன் அருமை தெரியும். அதுவும் அவன் வரைந்த ஆளாக இருக்க வேண்டும். நடிகன் என்றால் அவனுக்கு வயதாகும், தொப்பை விழும், ஒருநாள் கட்சி ஆரம்பித்து ஓட்டுக் கேட்டு வந்து நிற்பான். வரைந்தவன் அப்படியே இருப்பான். நம்மிடம் எதையும் கேட்கமாட்டான். கதவு பிளக்கும் கட்டத்தில் இரண்டு முறையும் அவள் தேம்பித் தேம்பி அழுதிருந்தாள். அழுதபின் உடம்பு லேசாகி, மறுநாள் வேலைக்குப் போக முடிந்தது.

இந்த முறையும் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். பனிக்கோமான் கிடங்கைப் பூட்டச் சொல்லும் கட்டம் வந்தது.

"அத்தை, அந்த மாமா யாரு?"

"எந்த மாமா?"

"மீசை வச்சுக்கிட்டு, பனிக்கோமான் பக்கத்துல சாவியோட நிக்கறாரே."

தையல்நாயகி உற்றுப் பார்த்தாள். உண்மையாகவே ஒருவர் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், சாம்பல் நிறச் சட்டை. இரண்டு முறை பார்த்தும் அவர் கண்ணில் படவில்லை.

"அவரு ஒண்ணும் இல்ல. வேலைக்காரரு. நீ படத்தைப் பாரு."

"பனிக்கோமான் பூட்டலையே அத்தை. இவருதானே பூட்டறாரு."

"அவன் சொன்னா இவர் செஞ்சுதானே ஆகணும். உத்தரவு."

"மாட்டேன்னு சொன்னா?"

"வேலை போயிடும்."

பிள்ளை பழையபடி திரையைப் பார்க்கத் தொடங்கியது. சமாதானமாகிவிட்டது என்று தையல்நாயகி நினைத்தாள்.

"இவருக்கு வேலை போயிடும். ஆனா கதவு திறந்தே இருக்கும்ல? அப்ப புழுதிமாறன் வரவே வேண்டாமே அத்தை."

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, "பிள்ளையை அடக்குங்கம்மா, படம் பாக்க வேணாமா?" என்றார். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் நெளிந்தார்கள். தையல்நாயகி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அதற்குக் குரல் வருவது வாயிலிருந்து அல்ல, கழுத்தடியிலிருந்து.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க அத்தை?"

அவள் முகத்தைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். புழுதி திரண்டது, ஆள் எழுந்தான், கதவு பிளந்தது, அரங்கமே விம்மியது. தையல்நாயகிக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. திறந்து கிடந்த கதவின் ஓரத்தில் சாவியோடு ஒதுங்கி நின்ற மீசைக்காரரையே அவள் கண் தேடிக்கொண்டிருந்தது. கைக்குட்டை மடித்தது மடித்தபடி இருந்தது. படம் பாழாய்ப் போயிற்று.

மறுநாள் வியாழன். அலுவலக வாசலில் செங்கமலம் குடுவையோடு உட்கார்ந்திருந்தாள். தையல்நாயகியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். இப்படிச் சிவந்த முகத்தை அவள் அங்கே கண்டதில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"இன்னிக்கு நான் சும்மா விடப்போறதில்ல. எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு," என்று சொல்லிக்கொண்டே தையல்நாயகி உள்ளே போனாள். செங்கமலம் இரண்டு கைகளையும் குவித்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தங்கள் தண்ணீருக்காக யாரோ ஒருவர் கேட்கப்போகிறார் என்று நினைத்தாள், பாவம்.

மேலாளர் ஆளவந்தாரின் அறைக்கதவை அன்று தையல்நாயகி தட்டவில்லை, தள்ளினாள். மூலையில் அவருடைய குடை விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது. முந்தின மாலை மழை பலமாகப் பெய்திருக்கிறது.

"எத்தனை நாளைக்கு சார் பொறுத்துக்கறது? வாயை மூடிக்கிட்டு இருந்தா எதை வேணும்னாலும் செய்யலாமா?"

ஆளவந்தாரின் முகம் வெளுத்தது. அவர் கண் தானாகக் குடைப்பக்கம் போய்த் திரும்பியது. "உக்காருங்கம்மா. எதைப் பத்திப் பேசறீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா சார்? நீங்க இருக்கற குழுதானே."

"எந்தக் குழு?"

"திரைக்குகைக் குழு. ஒரு மனுஷி நாளெல்லாம் உழைச்சுட்டு நிம்மதியா ஒரு படம் பாக்க முடியல சார். துறுதுறுன்னு ஒரு ரகம் வச்சிருக்காங்க. குழந்தையா சார் அது? குறுக்கு விசாரணை பண்ணுது."

ஆளவந்தாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். நடந்ததை முழுக்கக் கேட்டார். சாவிக்காரர் விஷயம் வந்தபோது அவருக்கும் உள்ளபடியே கோபம் வந்துவிட்டது.

"அநியாயம்மா இது. பெரியவங்க மனசைப் புண்படுத்தற மாதிரி ஒரு எந்திரம் எப்படிப் பேசலாம்? இதை விடக் கூடாது. நீங்க பேசுங்க, நான் பின்னால நிக்கறேன்." அப்போதே ஊர் மன்றத்துக்கு அழைத்து இரைந்து பேசினார். பேசிக்கொண்டே ரேகைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்படியே இந்த வாரத்து ரேகையையும் வச்சிடுங்க."

"இருபது வருஷத்துல நான் எதுக்காவது வாய் திறந்திருக்கேனா சார்? இதுக்குத் திறக்காட்டி அப்புறம் என்ன மனுஷ ஜென்மம்?" என்று கேட்டபடியே, தட்டைப் பார்க்காமல், தையல்நாயகி பெருவிரலை வைத்து அழுத்தினாள். ஒன்பதாம் தளத்தில் வால்வு பாதி மூடியது.

அதன் பிறகு நடந்ததை ஊரே அறியும். துறுதுறு ரகத்தால் நொந்துபோயிருந்தவர் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. வங்கிக்காரர், காவல் துறையில் இருந்தவர், பள்ளி ஆய்வாளர் என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லோரிடமும் அந்தப் பிள்ளைகள் ஒரே மாதிரி கேட்டிருந்தன. திரைக்குகை வாசலில் ஆயிரம் பேர் திரண்டார்கள். செங்குடி தோண்டப்பட்ட நாளிலிருந்து எந்தக் காரியத்துக்கும் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. தட்டிக் கேட்ட தையல்நாயகி என்று அறிவிப்புத் திரைகளில் அவள் முகம் வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, துறுதுறு ரகத்தைத் திரும்பப் பெற்றது. இனிமேல் பிள்ளைகள் கைதட்டும், "சூப்பர் அத்தை" அல்லது "சூப்பர் மாமா" என்று சொல்லும், வேறெதுவும் பேசாது. பிள்ளையோடுதான் வர வேண்டும் என்ற சட்டம் அப்படியே இருந்தது. அதை எதிர்க்க வேண்டும் என்று தையல்நாயகிக்கே தோன்றவில்லை. வாய் பேசாத பிள்ளையால் யாருக்கு என்ன தொந்தரவு?

வெற்றி விழாவாக நிறுவனம் ஒரு சிறப்புக் காட்சி வைத்தது. அவள் கிளம்பும் நேரத்தில் செங்கமலம் வந்து நின்றாள். குடுவை கையில் இல்லை. சின்னவனையே தூக்கி வந்திருந்தாள். பையன் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான்.

"அறிவிப்புல பாத்தேம்மா. எவ்வளவு தைரியம் உங்களுக்கு. அந்த வாயால எங்க தண்ணிக்கும் ஒரு வார்த்தை கேட்டுடுங்கம்மா."

தையல்நாயகிக்குச் சுருக்கென்றது. ஒரு நல்ல காரியம் செய்தால் போதும், உடனே ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

"எல்லாத்தையும் நானேதான் கேக்கணுமா?" என்றாள். மனதாரத்தான் கேட்டாள். பிறகு மேசையைப் பூட்டிவிட்டுப் படத்துக்குப் போனாள்.

முதல் வரிசையில் நடு இருக்கை அவளுக்கு. பக்கத்தில் துணைப்பிள்ளை கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படத்திலும் நிறுவனம் ஒரு சின்னத் திருத்தம் செய்திருந்தது. வரைந்த படம்தானே, ஓர் ஆளை அழிப்பதற்கு அரை நாள் கூட ஆகாது. பனிக்கோமான் கையை அசைத்தான். கிடங்குக் கதவு தானாகவே மூடி, தானாகவே பூட்டிக்கொண்டது. சாவியும் இல்லை, மீசைக்காரரும் இல்லை.

தையல்நாயகி நிம்மதியாகக் கைக்குட்டையை விரித்தாள்.

"சூப்பர் அத்தை," என்றது பிள்ளை.

அரங்கம் முழுவதும் பனிக்கோமானைத் திட்டித் தீர்த்தது. தையல்நாயகியின் குரல்தான் எல்லோருடைய குரலையும்விட உரக்கக் கேட்டது.