ஒற்றைக் கோடு

அந்த இருமலை அவள் மூன்றாவது முறையாகத் தேடினாள். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. ஒரு மூச்சைக்கூட அவள் காது தவறவிடாது. ஐந்தாவது நிமிடத்தில், மருத்துவரின் குரலுக்கு அடியில் யாரோ இருமியிருந்தார்கள். பின்னால் ஓட்டிக் கேட்டாள். மருத்துவர் பேசினார், காகிதம் புரண்டது, நாற்காலி கிரீச்சிட்டது. இருமல் இல்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிற்பகல் மூன்று மணி. திறந்த ஜன்னலில் வெயில், அறைக் காற்றை வெளியே தள்ளும்படி அவள் கணவன் திருப்பி வைத்த மின்விசிறியின் சீரான இரைச்சல். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதிலிருந்து அவள் தின்னும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பையெல்லாம் அடக்கி வைத்திருந்தன. ஊரில் காய்ச்சல் பரவத் தொடங்கிய அன்றே மருந்துக்கடை வைத்திருந்த கணவன் சட்டம் போட்டுவிட்டான். அவள் மாடி அறையில், அவன் கீழே. சாப்பாடு கதவுக்கு வெளியே. முகக்கவசம், சோப்பு, திறந்த ஜன்னல். தினமும் காலையில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, ஒற்றைக் கோடு விழுந்த பட்டையைப் படம் எடுத்து அனுப்புவான். ஒரு கோடு என்றால் நோய் இல்லை. இரண்டு என்றால் உண்டு. அந்த ஒற்றைக் கோட்டை நம்பித்தான் அவள் கண்ணை மூடித் தூங்கினாள்.

அவனுக்குப் போன் போட்டாள்.

"வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"யாரு இருப்பா? நான் கடையில இருக்கேன். ஏன்?"

"இருமுற சத்தம் கேட்டுச்சு."

"நாலு நாளா காதுல மாட்டிக்கிட்டே உக்காந்திருந்தா எல்லாந்தான் கேக்கும். கொஞ்ச நேரம் படு."

சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் அவன் பேச்சுக்குப் பின்னால் ஒரு ஃப்ரிட்ஜின் மோட்டார் ஒரு குலுக்கலோடு நின்றது. அதே நொடியில், அவள் காலடித் தரைக்குக் கீழே, அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் குலுங்கி நின்றது.

போனை வைத்துவிட்டு அவன் அனுப்பிய படங்களைத் திறந்தாள். இன்று, நேற்று, முந்தாநாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பட்டையின் வலது மூலையில் மயிரிழை போல ஒரு கீறல். ஐந்து நாள் படத்திலும் அதே கீறல், அதே இடத்தில். ஒரே பட்டையைத்தான் வெவ்வேறு இடத்தில் வைத்து எடுத்திருக்கிறான்.

தனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று அவன் சொல்லியிருந்தால் அன்றே தோழி வீட்டுக்குப் போயிருப்பாள். அவனுக்கும் அது தெரியும்.

மருந்துப் பையைத் தோளில் மாட்டினாள். இருப்பதிலேயே தடிமனான முகக்கவசத்தை எடுத்து மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரமாகக் காற்று கசிகிறதா என்று ஊதிப் பார்த்தாள். தெருக்கதவுக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். பாதிப் படியிலேயே வெளிச்சம் குறைந்தது. கீழே ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, இடுக்குகளில் துணி திணித்திருந்தது. தைலமும் வியர்வையும் பழைய கஞ்சியும் கலந்த வெதுவெதுப்பான காற்று, யாரோ வாய்க்குள் வைத்திருந்து விட்டதைப் போல அவள் நெற்றியில் படிந்தது. கடைசிப் படிக்குப் பக்கத்தில் குப்பைக்கூடை. அதில் சோதனைப் பட்டைகள். ஒன்றல்ல. பதினைந்து இருக்கும்.

எல்லாவற்றிலும் இரண்டு கோடு.

கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. அதன் மறுபக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

கணவனின் குரல், கதவுக்கு மிக அருகில். "அஞ்சு நாளா. அண்ணனும் அண்ணியும் வந்துட்டாங்க. ஆஸ்பத்திரில இடமில்ல. வேற எங்க போவாங்க?"

"எனக்குச் சமைக்கிறது?"

"அண்ணிதான்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போயிடுவ." அவன் குரலில் கோபமே இல்லை. "நீ பயப்படக் கூடாதுன்னுதான் இவ்வளவும். சத்தம் கேட்டாத்தானே பயம்."

"கதவைத் திறங்க. நான் வெளிய போறேன்."

திறந்தான்.

கூடத்தின் நடுவே பாயில் அவன் அண்ணன் மல்லாந்து கிடந்தார். முகத்தின் மேல் தலையணை. தலைமாட்டில் அண்ணி மண்டியிட்டு, இரண்டு கையாலும், முழு பாரத்தையும் கொடுத்து அதை அழுத்திக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே அழுத்தினாள். அவர் கால்கள் அசையவில்லை. விரல்கள் அசையவில்லை.

"இப்ப இருமலே இல்ல பாரு," என்றான் கணவன் மெதுவாக. "நீ மேல போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை. தெருக்கதவு எட்டடி தூரம். அவன் நடுவில்.

அப்போதுதான் தொண்டைக்குள் அது அரித்தது. சின்னதாக. எச்சிலை விழுங்கினாள். மறுபடி அரித்தது. உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

கணவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவள்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே, குனிந்து, சோபாவில் கிடந்த இன்னொரு தலையணையைக் கையில் எடுத்தான்.