ஒரே தகட்டில் இரண்டு பேர்

எல்லா இருக்கைகளிலும் பனி இருந்தது. இருபத்தேழாம் இருக்கையில் மட்டும் பாதிக்குத்தான் இருந்தது.

விடியப்புறம் தொடங்கி மத்தியானம்வரை கொட்டிய பனி, கம்பிவடத்தில் தொங்கிய அறுபது இருக்கைகளிலும், இருவர் உட்காரும் பலகைகள் மறையும்படி ஒரு சாண் உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. அகஸ்ரின் அடிவாரக் கொட்டில் வாசலில் நின்று, அவை பெரிய சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொன்றாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் எல்லாம் ஆடின. இருபத்தேழு ஆடவில்லை. அதன் இடது பாதியில் பனி அப்படியே இருந்தது. வலது பாதி வெறும் பலகையாய் இருந்தது. முன்னால், ஆள் விழாமல் தடுக்கும் மறிப்புக் கம்பி இறக்கியிருந்தது. ஆள் ஏறாத இருக்கையில் அதை யார் இறக்கியது?

மரக்கிளை தட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அது அவனைக் கடந்தபோது கோடாலித் தைலம் மணத்தது. அகஸ்ரின் அந்தத் தைலத்தைத் தொட்டு ஒரு வருடமாகிறது.

ரொறன்ரோவின் வடக்கு விளிம்பில், நெடுஞ்சாலைக்கு அருகே இருந்த அந்த இடத்தை மலை என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஒரு பெரிய மேடு, நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். நாளைக்குத் திறப்பு விழா. பனிச்சறுக்க வருகிறவர்களை மேலே கொண்டுபோகும் லிஃப்ற் மட்டும் பழையது. அறுபதுகளில் கியூபெக்கில் ஒரு மலையில் ஓடி, பிறகு பாரி நகரத்துக்கு வடக்கே இன்னொரு மலைக்குப் போய், போன வருடம் அதுவும் இழுத்து மூடப்பட்டபோது மூன்றாவதாக இங்கே வந்து சேர்ந்தது. இருக்கையைச் சுரண்டினால் சிவப்புக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே நீலம். தூண், சக்கரம், கம்பிவடம், கொட்டில் சுவரில் இருந்த தகட்டுப் பலகைகூட லொறியில் ஏறி வந்தது. கழற்றிய கையே பூட்டட்டும் என்று அகஸ்ரினுக்கும் இங்கே நிரந்தர வேலை கிடைத்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் அவனை அதிர்ஷ்டக்காரன் என்றார்கள்.

தகட்டுப் பலகையின் சட்டம் எளிமையானது. மேலே போகிறவன் தன் இலக்கம் பொறித்த பித்தளைத் தகட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட வேண்டும். இறங்கியதும் திரும்பக் கொழுவ வேண்டும். எல்லா ஆணிகளிலும் தகடு தொங்கினால் மேலே ஒருவரும் இல்லை, இயந்திரத்தை நிற்பாட்டலாம். அகஸ்ரினின் தகடு பதினான்கு. போன வருடம் அந்த ஒரே தகட்டில் இரண்டு பேர் ஏறினார்கள்.

மற்றவன் சூசைதாசன். மன்னார்க்காரன். அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டு நிலவறையில், அகஸ்ரினுக்குப் பக்கத்து மெத்தையில் படுத்தவன். அகதி விண்ணப்பம் போட்டிருந்தான். வேலை செய்யும் அனுமதி இன்னும் வரவில்லை. ஊரில் மனைவி மக்டலீன் பிள்ளைத்தாய்ச்சி. தன்னையும் எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடச் சொல்லி நாள்தோறும் கெஞ்சினான். லிஃப்ற் கழற்றும் வேலைக்கு, வேலையாட்களைக் கொண்டுபோகும் வான் வண்டியில் அகஸ்ரின்தான் அவனை ஏற்றிப் போனான். அங்கிருந்த ஃபோர்மனுக்குக் கை கிடைத்தால் போதும், கேள்வி கேட்கவில்லை. ஆனால் பட்டியலில் இல்லாதவனுக்குத் தகடு ஏது?

"என்ர தகட்டில வாடா," என்றான் அகஸ்ரின். நல்ல மனதோடுதான் சொன்னான்.

மூன்று வாரம் சரியாகப் போனது. இருவரும் ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்கினார்கள். குளிருக்கு மூக்கைச் சுற்றிக் கோடாலித் தைலம் பூசிக்கொண்டு, மறிப்புக் கம்பியில் சாவியால் மூன்று தரம் தட்டித்தான் சூசைதாசன் ஏறுவான். கார்த்திகை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அகஸ்ரினுக்குக் கை விறைத்துவிட்டது. அவன் முதலில் இறங்கினான். பழக்கத்தில் தகட்டைக் கொழுவினான். கொழுவிவிட்டு வானுக்குள் சூடு தேடிப் போய்க் குந்தினான். ஃபோர்மன் பலகையைப் பார்த்தான், இயந்திரத்தை நிற்பாட்டினான், வீட்டுக்குப் போனான்.

அதுவரை அது மறதி. அதற்குப் பிறகு நடந்தது மறதியல்ல.

வான் வெளிக்கிட்டு இருபது நிமிடத்தில் பக்கத்து இருக்கை வெறுமையாய் இருப்பதை அகஸ்ரின் கண்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வான் திரும்பியிருக்கும். ஆனால் அவனுடைய வதிவிட விண்ணப்பமும் அதோடு சேர்ந்த, ஊரில் இருந்த அவன் மனைவி செலீனின் விண்ணப்பமும் குடிவரவு அதிகாரியின் மேசையில் கிடந்த நேரம் அது. அனுமதியில்லாதவனைக் கள்ளமாய்க் கொண்டுவந்தவன் என்று தெரிந்தால் செலீன் வர மாட்டாள். அப்படித்தான் கணக்குப் போட்டான். யாராவது கண்டிருப்பார்கள், இறக்கியிருப்பார்கள் என்று நினைத்தபடி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். அன்றிரவு அங்கே குளிர் மைனஸ் இருபத்தாறு.

திங்கட்கிழமைதான் கண்டார்கள். பதினோராம் தூணுக்கும் பன்னிரண்டாம் தூணுக்கும் நடுவில், இருபத்தேழாம் இருக்கையில், மறிப்புக் கம்பியைப் பிடித்தபடி. பொலிஸ்காரர் எல்லோரையும் வரிசையாய் நிறுத்தி ஆளைத் தெரியுமா என்று கேட்டார். ஃபோர்மன் தன் வேலைக்குப் பயந்து மறுத்தான்; மற்றவர்களுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. அகஸ்ரின் அந்த முகத்தைப் பார்த்தான். தெரியாது என்றான். பெயரில்லாத ஒருவனாய்ச் சூசைதாசனை அந்த ஊரிலேயே குழி வெட்டித் தாட்டார்கள். மக்டலீனிடமிருந்து ஒன்பது கடிதங்கள் வந்தன. ஒன்பதும் சப்பாத்துப் பெட்டிக்குள், உடைக்கப்படாமல் கிடக்கின்றன.

இன்று பின்னேரம் ஏழு மணிக்குச் செலீன் வந்து இறங்குகிறாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு. அவளுக்கென்று வாங்கிய குளிர்க்கோட்டு கொட்டில் மூலையில் பையோடு இருந்தது.

"தம்பி, ஒருக்கா மேல போய்ச் சில்லுகளின்ர சத்தத்தைக் கேட்டிட்டு வாரும்," என்றார் இயந்திரத்தைப் பார்க்கும் பத்மநாதன். "வந்த கையோட நீர் எயர்போட்டுக்கு வெளிக்கிடும். மனேஜருக்குச் சொல்லியிருக்கிறன்." சொல்லிவிட்டு, செயற்கைப் பனி அடிக்கும் பம்புகளைப் பார்க்க மறுபக்கம் போனார்.

மணி நாலு. அகஸ்ரின் பதினான்காம் தகட்டை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினான். இழுத்ததை இரண்டு தரம் தடவிப் பார்த்தான். இருபத்தேழு மேலே போகும்வரை காத்திருந்தான். அதற்குப் பின் இருபது இருக்கைகளைப் போகவிட்டு, அடுத்ததில் வலது பக்கத்துப் பனியை மட்டும் தட்டிவிட்டு ஏறினான்.

தரை விலகியது. கீழே கொட்டிலின் மஞ்சள் வெளிச்சம் சிறுத்துக்கொண்டு போக, தூணுக்குத் தூண் சில்லுகள் கடகடவென்று உருண்டு அடங்க, கிரீஸ் மணமும் பச்சை மரத்தின் மணமும் கலந்து மூக்கில் ஏற, நெடுஞ்சாலையில் வாகன விளக்குகள் தெற்கே ரொறன்ரோவை நோக்கி முடிவில்லாமல் போய்க்கொண்டிருப்பதை அவன் பார்த்தான். செலீன் என்ன நிறத்தில் சேலை கட்டி வருவாள் என்று யோசித்தான். சில்லுகளின் சத்தத்தில் பிழை இல்லை. எட்டு. ஒன்பது. பத்து.

பள்ளத்துக்கு மேலே வந்தபோது பின்னால் எங்கோ மூன்று தட்டல் கேட்டது. இரும்பில் இரும்பு.

லிஃப்ற் நின்றது.

இருக்கை முன்னும் பின்னும் ஆடி ஓய்ந்தது. பத்மநாதன் திரும்பி வந்து ஏதோ பார்க்கிறார் போலும். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். கீழே கொட்டிலின் வெளிச்சம் அணைந்தது. மனேஜரின் உருவம் கதவைப் பூட்டியது. அகஸ்ரின் தொண்டை கிழியக் கத்தினான். நெடுஞ்சாலையின் இரைச்சல் அதை விழுங்கியது. கார் வெளிச்சம் திரும்பி வாசலால் வெளியே போனது. எல்லா ஆணிகளிலும் தகடு தொங்கினால்தானே அந்த மனிதர் இயந்திரத்தை நிற்பாட்டுவார்?

அவன் பையின் சிப்பைத் திறந்தான். உள்ளே விரல் விட்டான்.

பை வெறுமையாய் இருந்தது.

தேட ஒருவரும் வர மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. எயர்போட்டுக்குப் போய்விட்டான் என்று எல்லோரும் நினைப்பார்கள். எயர்போட்டில் நிற்பவளுக்கோ இந்த இடத்தின் பெயர்கூடத் தெரியாது. கீழே நாற்பதடிப் பள்ளம், கல். பக்கத்துத் தூணைப் பார்த்தான். அதில் சிவப்புப் பூச்சு உரிந்த இடத்தில் பழைய மஞ்சள் இலக்கம் தெரிந்தது. பதினொன்று. இந்தத் தூணை நட்டதே அவன்தான்.

இருட்டி, ஏழு மணி ஆகும் நேரத்தில் ஒரு விமானம் தாழ்வாய்ப் பறந்து மேற்கே இறங்கியது. அதன் வரிசை ஜன்னல்களில் வெளிச்சம். செலீன்.

காற்று நின்றது. எதிர்ப்பக்கத்தில், மேலிருந்து இறங்கி வந்த இருக்கை ஒன்று அவனுக்கு நேராக நின்றது. பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

இருபத்தேழு.

அதன் மறிப்புக் கம்பி உயர்ந்திருந்தது. இரண்டு பாதியிலும் பனி இருந்தது. இடதும் வலதும். ஒரு சாண். கலையாமல். அது இப்போது மற்ற இருக்கைகளைப் போல ஆடிக்கொண்டிருந்தது.

கோடாலித் தைலம் மணத்தது. மிகக் கிட்ட.

அகஸ்ரினின் இடது பக்கத்தில், அவன் தட்டாமல் விட்ட பனி நெரிந்தது. மெதுவாக. நடுவில் பள்ளம் விழுந்தது. இருக்கை அந்தப் பக்கமாய்ச் சரிந்தது.

"அண்ணை," என்றது குரல். பற்கள் கிடுகிடுக்கும் குரல். "என்னைத் தெரியுமோ?"

"தெரியும்," என்றான் அகஸ்ரின். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. "சூசை. தெரியும். சூசைதாசன். மக்டலீன்ர புருசன். தெரியுமடா."

அந்தக் குரல் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

தலைக்கு மேலிருந்து மறிப்புக் கம்பி தானாக இறங்கி வந்து அவன் மடியில் பொருந்தியது. அவன் இரண்டு கையாலும் அதை மேலே தள்ளினான். அசையவில்லை. கம்பியில், அவன் கையுறைகளுக்குப் பக்கத்தில், இன்னும் இரண்டு கைகளின் அகலத்துக்கு உறைபனி விரல் விரலாய்ப் பூத்துக்கொண்டு வந்தது.