ஒன்பது நிமிட ஓ பாசிட்டிவ்

போன் அலறியது.

காலை மணி பத்து ஐந்து. யாங்கோனின் லத்தா பகுதியில், தெருவோர டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்த மைமூன் லேப்டாப்பை மூடிவிட்டு போனை எடுத்தாள்.

மைமூனுக்கு வயது முப்பத்தொன்று. பக்கத்துத் தெருவில் ராஜரத்தினம் நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபின் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு.

பேசியது ராஜரத்தினம்தான்.

"மைமூன்... எல்லாம் போச்சு. ஸ்க்ரீன்ல ஒரு பேஷன்ட் பேர்கூட வரல."

"எப்பலேருந்து, ஊலே?"

யாங்கோனில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோருமே ஊலேதான்.

"கால் மணி நேரமா. பதினோரு மணிக்கு போலீஸ் வருது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

மறக்கக்கூடிய விஷயமா அது?

பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் த்வாண்டே என்ற ஊரில் சாந்தகுமாரி என்ற பெண்ணுக்குப் பிரசவம். குழந்தை பிழைத்தது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவசரமாக பி குரூப் ரத்தம் ஏற்றினார்கள்.

அவளுடைய குரூப் ஓ.

விடிவதற்குள் இறந்துபோனாள்.

லேப் கொடுத்த சீட்டில் பி என்று இருந்ததாக ஆஸ்பத்திரி சொன்னது. ஓ என்றுதான் கொடுத்தோம் என்றது லேப். சீட்டைக் காணவில்லை. மிச்சமிருந்த ஒரே சாட்சி, லேபின் டேட்டாபேஸ்.

இப்போது அதையும் காணவில்லை.

மைமூன் பக்கத்துத் தெருவுக்கு ஓடி மாடிப்படி ஏறினாள். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. லேபின் தலைமை டெக்னீஷியன் தமிழரசி வாசலிலேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மைமூன், அது திரும்பி வருமா?"

"வரணும்னு நினைக்கிறீங்களா, வரக்கூடாதுன்னு நினைக்கிறீங்களா, அக்கா?"

"இது என்ன கேள்வி?"

"சும்மாதான் கேட்டேன். உங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா?"

தமிழரசி தரையைப் பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாது."

பொய்... பத்து வருஷப் பழக்கம். மைமூனுக்குத் தெரியாதா?

உள்ளே ராஜரத்தினம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மைமூன் அவருடைய மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். லேபின் டேட்டாபேஸ் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த க்ளவுட் ஒன்றில், கன்டெய்னர் என்று சொல்லப்படும் மூன்று தனித்தனி ப்ரோக்ராம்களாக ஓடுகிறது. ஒன்று வேலை செய்யும். மற்ற இரண்டும் அதைப் பார்த்துக் காப்பி எழுதிக்கொள்ளும்.

"மூணும் இல்ல, ஊலே. ஒன்பது அம்பதுக்கு யாரோ கட்டளை போட்டு எடுத்துட்டாங்க."

"யாரு?"

மைமூன் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அதில் இருந்த பெயர்... மைமூன்.

ராஜரத்தினம் எழுந்தே விட்டார்.

"நீயா?"

"என் பேர்ல இருக்கு. பேரை வச்சு ஆளைச் சொல்லிட முடியுமா?"

"க்ளவுட் சாவி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு? அந்த ஆஸ்பத்திரிக்காரங்க உனக்கு என்ன கொடுத்தாங்க?"

"அப்படிக் கேக்காதீங்க, ஊலே."

"வேற எப்படிக் கேக்கறது? திரும்பக் கொண்டு வர முடியுமா, முடியாதா?"

மைமூன் உதட்டைக் கடித்துக்கொண்டு முடியாது என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

ராஜரத்தினம் நாற்காலியில் விழுந்தார். ஆனால் கைக்குட்டை சட்டைப்பைக்குள் போய்விட்டது. அதை மைமூனும், பின்னாலேயே வந்து நின்ற தமிழரசியும் கவனித்தார்கள்.

பதினோரு மணி.

போலீஸ் அதிகாரி ஊ ஸோ நைங் வந்தார். பர்மாவில் 'ஊ' என்றால் திரு, 'சயா' என்றால் ஐயா. தமிழர் தெருவில் பிறந்து வளர்ந்த பர்மியர். தமிழ் சரளம். அவர் பின்னால் சாந்தகுமாரியின் புருஷன் கருப்பையா. த்வாண்டேயில் பானைச் சூளையில் வேலை. தோளில் துண்டில் சுற்றிய குழந்தை தூங்கியது.

ராஜரத்தினம் முந்திக்கொண்டார்.

"மன்னிக்கணும், சயா. இந்தப் பொண்ணு எல்லாத்தையும் அழிச்சிட்டா. பேர்கூட பதிவாகியிருக்கு, நீங்களே பாருங்க."

ஊ ஸோ நைங் மைமூனைப் பார்த்தார். அவள் திரையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப அந்தப் பொண்ணோட ரத்த குரூப் ரிப்போர்ட்?"

"அதுவும்தான் போச்சு. நல்ல ரிப்போர்ட், சயா. எங்களைக் காப்பாத்தியிருக்கும். நானே பாத்தேன். ஓ பாசிட்டிவ்னு தெளிவா இருந்துச்சு."

"எப்ப பாத்தீங்க, ஊலே?" என்றாள் மைமூன்.

"காலையிலதான். நீங்க வர்றீங்களேன்னு ஒருதரம் சரிபார்த்தேன், சயா. ஒன்பதே முக்கால் இருக்கும்."

"ஓன்னு இருந்துச்சா?"

"ஓன்னுதான்."

மைமூன் அதிகாரியிடம் திரும்பினாள்.

"எழுதிக்கிட்டீங்களா, சயா?"

"எழுதிட்டேன்மா."

"அப்ப இப்ப சொல்லிடறேன். நிறுத்தினது நான்தான்."

ஊ ஸோ நைங்கின் பேனா நின்றது.

"கையெழுத்தான ரிப்போர்ட்டை யாராவது மாத்தினா என் போனுக்குச் செய்தி வரும். ஒன்பது நாப்பத்தொண்ணுக்கு வந்துச்சு. தமிழரசி அக்கா பேர்ல. சாந்தகுமாரி ரிப்போர்ட்ல பி இருந்த இடத்துல ஓ. ஒன்பது அம்பதுக்கு நான் நிறுத்திட்டேன். அந்த ரிப்போர்ட்ல ஓன்னு இருந்தது மொத்தமே ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்துல ஊலே பாத்திருக்காரு."

"அதான் எல்லாம் அழிஞ்சு போச்சே..." ராஜரத்தினம் குறுக்கிட்டார்.

"கன்டெய்னர்தான் போச்சு, ஊலே. அது ஓடற ப்ரோக்ராம். எழுதினதெல்லாம் தனியா டிஸ்க்ல இருக்கு. கன்டெய்னரை எடுத்தா டிஸ்க் போகாது. மூணாவது காப்பியை நான் எப்பவும் ஒரு மணி நேரம் பின்னாலதான் ஓட விடுவேன். யாராவது தப்பா எதையாவது அழிச்சா பிடிக்கறதுக்கு. விட்டிருந்தா பத்து நாப்பத்தொண்ணுக்கு அதுவும் ஓன்னு மாறியிருக்கும்."

தட்டினாள். மூன்றாவது டிஸ்க் மட்டும் திறந்தது.

சாந்தகுமாரி. த்வாண்டே. குரூப்: பி. பதிவு செய்தவர்: ராஜரத்தினம்.

தமிழரசி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அந்த டெஸ்ட் நடந்த அன்னிக்கு நான் லீவு, சயா. குரூப் டெஸ்ட் பண்ற சீரம் தீந்துபோச்சுன்னு ரெண்டு நாள் முன்னாடியே இவர்கிட்ட சொன்னேன். நேத்து என் பாஸ்வேர்டைக் கேட்டாரு. குடுத்துட்டேன். வேலை போயிடும்னு பயம். அதான் உன்கிட்டயும் சொல்லல, மைமூன்."

ஊ ஸோ நைங் மெதுவாகக் கேட்டார்.

"சீரமே இல்லாம பின்னு எப்படி எழுதினீங்க?"

ராஜரத்தினம் கைக்குட்டையை மறுபடி வெளியே எடுத்தார்.

"பழைய ரிப்போர்ட் ஒண்ணு இருந்துச்சு..." ராஜரத்தினம் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "சாந்தகுமாரின்னு. அதே பொண்ணுதான்னு நினைச்சேன்."

கருப்பையா குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"அது வேற யாரோ. எம் பொண்டாட்டி அதுக்கு முன்னாடி ஒரு தடவகூட ரத்தம் குடுத்தது இல்ல. ஊசின்னா பயம். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மைமூன் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

ராஜரத்தினம் சட்டென்று நிமிர்ந்தார்.

"என் சம்பளத்தை வாங்கிக்கிட்டு எனக்கே குழி வெட்டறியா? இந்த நிமிஷமே உன்னை வேலையிலேருந்து தூக்கறேன்."

ஊ ஸோ நைங் அவர் தோளில் கை வைத்தார்.

"அவசரப்படாதீங்க, ஊ ராஜரத்தினம். முதல்ல நாங்க உங்களைத் தூக்கிக்கறோம்."