சேற்றில் விழுந்த மெக்கானிக்

நைரோபியில், ங்கோங் சாலைக் கார் மைதானத்தின் தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர்கள்: விற்கிற கிடோங்கா. வாங்க வந்த வாத்தியார் லெமாயன். மழைக்கு ஒதுங்கிய மெக்கானிக் பெண் அகேயோ. அப்புறம், ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளை ஹைபிரிட் கார் ஒன்று.

கூட ஒரு மெக்கானிக் இல்லாமல் அந்த ஊரில் யாரும் கார் வாங்குவதில்லை. லெமாயன் சொல்லிவைத்த ஆள் வராமல் கழுத்தறுத்துவிட்டான். அகேயோவின் கிரீஸ் படிந்த உடுப்பு வாத்தியார் கண்ணில் பட்டது. அந்த ஊரில் மெக்கானிக்கை ‘ஃபுண்டி’ என்பார்கள்.

“ஃபுண்டி, வண்டி பாப்பீங்களா?”

“பத்து வருஷமா வேற என்ன பண்றேனாம்?”

நிமிர்ந்தாள். அவன் கண்கள்... மழை நனைத்த தார்ச்சாலை மாதிரி கறுத்து மின்னின. சே, என்ன நினைப்பு இது!

கிடோங்கா உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். அவள் வழக்கம்போல பானெட்டில் காதை வைத்தாள். ஒரு முனகல்கூட இல்லை.

“செத்த வண்டி. வாங்காதீங்க.”

கிடோங்கா ரிவர்ஸ் கியர் போட்டதும் செத்த வண்டி பூனைபோலப் பின்னால் நழுவியது. சாய்ந்திருந்தவள் சேற்றில் குப்புற விழுந்தாள்.

“அம்மா தாயே, இது முதல்ல கரண்ட்டுல ஓடும்... அப்புறம்தான் பெட்ரோல்!” கிடோங்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவளுக்கு முகம் எரிந்தது. ஹைபிரிட்டை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வாய் அடங்கவில்லை. “ஓடட்டுமே! பேட்டரி போயிருக்கு. ஒரு மாசம் தாங்காது.”

“அப்ப வேணாம்,” என்றான் லெமாயன்.

“வாத்தியாரே, நாலு மணிக்கு வேற பார்ட்டி வருது. போனா போச்சு!”

“பொய் சொல்லி இவங்களுக்கு என்ன லாபம்? நான் நம்புறேன்.”

அவளும் லெமாயனும் ஒரே குடையில் மத்தாத்து மினிபஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தோள்கள் உரசின...

“எதுக்கு ஹைபிரிட்?”

“மழை ஏன் பொய்க்குதுன்னு பாடம் எடுக்கிறேன். ‘சார், உங்க வண்டிப் புகை வகுப்புக்குள்ள வருதே’ன்னு ஒரு வாலு கேட்டுட்டா. மானம் போச்சு. அத வித்துட்டு, ரெண்டு வருஷமா இதுக்குக் காசு சேத்துக்கிட்டு நடந்தே போறேன்.”

ரெண்டு வருஷம்! உண்மையைச் சொன்னால் அந்தக் காரில் ஏறிப் போய்விடுவான். சொல்லாவிட்டால் மத்தாத்தில் பக்கத்து சீட்டு... எவனோ ஒருத்தன், அரைமணி நேரப் பழக்கம். இதற்கு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? அவளுக்கே விளங்கவில்லை.

மத்தாத்து வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

“பொய் சொன்னேன். பேட்டரி நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. விழுந்த கடுப்பு.”

அவன் உற்றுப் பார்த்தான். “யாருக்குத் தெரியும்?”

“இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒருத்தர் மெஷின் வச்சுப் பாப்பாரு. கூட்டிட்டுப் போறேன்... நானும் கத்துக்கணும்.”

“கத்துக்க மட்டும்தானா?”

மத்தாத்து கிளம்பிப் போனது. அவள் குடைக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல.”

“நானும் ஒரு பொய் சொன்னேன். உங்கள நம்பி வேணாங்கல... கூட நடக்கணும்னு தோணிச்சு. அதான்.”

“இதுக்காகக் காரை விடுவாங்களா? லூசு!”

“எனக்கும் புரியல, ஃபுண்டி.”

கார் மைதானத்துக்குத் திரும்பி நடந்தார்கள். “நாலு மணிக்குள்ள கொண்டாந்து விடணும்!” என்று புலம்பியபடி கிடோங்கா பின்சீட்டில் ஏறினான். லெமாயன் முன்கதவைத் திறந்து பிடித்தான். அகேயோ ஏறினாள். அவனே கதவைச் சாத்திவிட்டு ஸ்டியரிங் பக்கம் ஏறினான். வண்டி நகர்ந்ததும் பூட்டு தானாக விழுந்தது.