தண்ணீர் இறங்கிய வாட்ச்

போன் அலறியது.

திருச்சி பெரியகடை வீதியில் பழைய வாட்ச் வாங்கி விற்கும் இம்தியாஸ், கொட்டாவியை முடித்துவிட்டுத்தான் எடுத்தார்.

"பாய், இன்ஸ்பெக்டர் ஜெஸ்லின். அம்மாமண்டபம் பக்கத்துல ஒரு பாடி ஒதுங்குச்சே..."

"ஸ்ரீரங்கம் நவநீதன். பேப்பர்ல பார்த்தேன் மேடம்."

"காவிரியில குளிக்கப் போனவர். கையில வாட்ச் கட்டின தடம் இருக்கு. வாட்ச் இல்ல. அது உங்க கடைக்கு வந்தா சொல்லணும். சொல்லாம வாங்கினீங்க... ஏற்கெனவே ஒரு திருட்டு வாட்ச்ல மாட்டினவர் நீங்க. இந்தத் தடவை கடைக்குப் பூட்டுதான்."

இம்தியாஸ் பெருமூச்சு விட்டார். ஆற்றோடு போனது யாரோ. உருளுவது இவர் தலை.

சாயங்காலமே வாட்ச் வந்தது. நீட்டியவன் நவநீதனின் அக்கா மகன் இளவரசன். காரியம்கூட முடியவில்லை. மாமா மூழ்கிய காலையில் அவன் லால்குடியில் கல்யாணப் பந்தியில் இருந்தானாம். போலீஸிடம் சொன்னது போதாதென்று, துக்கம் கேட்க வந்தவர்களிடமும் பாயசத்தின் ருசி வரை சொல்லியிருந்தான். அது பெரியகடை வீதிக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"மாமா உயிரா வெச்சிருந்தது பாய். பீரோல இருந்துச்சு. அம்பது வருஷத்து ஒரிஜினல்."

பீரோவா? மேடத்துக்குச் சொல்வதா, வேண்டாமா? முதலில் பார்ப்போம் என்று இம்தியாஸ் லென்ஸைக் கண்ணில் இடுக்கினார். பின்மூடியைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி இறங்கியிருக்கே தம்பி..."

எந்த வாட்ச்சை நீட்டினாலும் அந்த வீதியில் சொல்லும் முதல் வசனம் அது. விலையைக் குறைக்க வேறு மந்திரம் கிடையாது.

இளவரசனுக்குச் சுருக்கென்றது.

"தண்ணியா? படித்துறையிலயே கழட்டி என் கையில கொடுத்துட்டுத்தான் மாமா ஆத்துல இறங்கினாரு. ஒரு சொட்டு படலை பாய்."

இம்தியாஸ் லென்ஸைக் கழற்றி வைத்தார்.

"லால்குடியில பந்திக்கு உக்கார்றதுக்கு முன்னாடியா தம்பி, பின்னாடியா?"

இளவரசன் கடை வாசலைப் பார்த்தான்.

"நான்... நான் தள்ளலை பாய்."

"தள்ளினதா யாருப்பா சொன்னா?"

இளவரசன் ஓடினான். பெரியகடை வீதியில் ஒருவன் ஓடினால், ஏனென்று கேட்காமலே பத்துப் பேர் பிடிப்பார்கள். பிடித்தார்கள்.

ஜெஸ்லின் வந்ததும் கொட்டிவிட்டான். "பத்திரமா வெச்சிருன்னுதான் கொடுத்தாரு மேடம். எனக்கே கொடுத்துடுங்க, வித்துக்கறேன்னு கெஞ்சினேன். உயிர் போனாலும் தரமாட்டேன்னாரு..."

ஜெஸ்லின் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தாள். "நெஜமாவே தண்ணி இறங்கியிருக்கா பாய்?"

"இல்ல மேடம். அது சும்மா, வாங்குறவன் பாட்டு."

"அப்ப நல்ல விலை போகும்?"

"எங்க போக? டயலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சதுல எழுத்து தடிச்சுக் கிடக்கு. முள்ளு வேற வாட்ச்சோடது. உள்ள மெஷின் போன வருஷத்துது. பழசுன்னு சொல்லி நவநீதன் தலையில யாரோ கட்டியிருக்கான்."

இளவரசன் அப்படியே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எதுவா இருந்தாலும் இனிமே இது கோர்ட்டுக்குப் போற பொருள்" என்று வாட்ச்சைக் கவரில் போட்டாள் ஜெஸ்லின்.

இம்தியாஸ் அடுத்த கொட்டாவிக்கு வாயைத் திறந்தார்.

"கொண்டு போங்க மேடம். கேஸ் முடியறதுக்குள்ள நெஜமாவே பழைய வாட்ச் ஆயிடும்."